கைவிசேடம் வாங்கப் போகிற வீடு

“மனே, பத்து ரூவாக் குத்தி மாத்தித் தருவியா? இருபது வேணும்.”

மாசி மாதத்துப் பின்னேரம் ஒன்று. முதியோர் இல்லத்து விறாந்தையில், வழமையாக இருக்கும் நீலக் கதிரையில் இருந்தபடி அம்மாச்சி கேட்டார். குத்தி என்று எங்கள் ஊரில் சொல்வது நாணயத்தை. கேட்டுக்கொண்டே முந்தானை முடிச்சை அவிழ்த்து, நான்காய் மடித்த இரண்டு நூறு ரூபாய்த் தாள்களை என் கையில் வைத்தார். மார்கழியில் வந்துபோன யாரோ அவர் கைக்குள் பொத்திவிட்டுப் போன காசு. வெற்றிலை பாக்குக்காக்கும் என்று நினைத்தேன். நானே கடைக்குப் போய் வாங்கிவரட்டா என்று கேட்டேன்.

“அதுக்கில்ல மனே. சித்திரக்கி கைவிசேசம் குடுக்க.”

“ஆருக்கு அம்மாச்சி?”

“வாற புள்ளைகளுக்கு. ஆர் வருவாங்க எண்டு எனக்கெப்படித் தெரியும்? ஆனா வருவாங்கதானே.”

சித்திரைப் புத்தாண்டன்று மூத்தவர்கள் இளையவர்களுக்கு வாழ்த்திக் கொடுக்கும் காசுதான் கைவிசேடம்.

அதற்கு முன் ஒரு வருடத்துக்கு மேலாக நான் அந்த இல்லத்துக்குப் போய்வந்துகொண்டிருந்தேன். போகும்போதெல்லாம் கையில் ஏதாவது இருக்கும்: பழம், சவர்க்காரம், சித்தாலேபப் போத்தல், ஒரு சாரம். வெறுங்கையோடு போகக் கூடாது என்று வீட்டில் பழக்கிவிட்டிருந்தார்கள். அங்கிருந்து எதையாவது வாங்கிவருவதற்கும் போகலாம் என்பது, அந்தப் பின்னேரம் வரைக்கும் எனக்குத் தோன்றவே இல்லை.

முதன்முதல் போனது 2022 மார்கழியில். பொருளாதார நெருக்கடியால் நாடு திணறிய வருடம் அது. எரிவாயுவுக்கும் பால்மாவுக்கும் வரிசையில் நின்ற களைப்பு யாருக்கும் முழுதாய்ப் போயிருக்கவில்லை. நான் ஒரு ரியூட்டரியில் கணக்குப் படிப்பிக்கிறேன். சாதாரணதர வகுப்புப் பிள்ளைகள் ஆளுக்குக் கொஞ்சம் காசு சேர்த்து, நத்தாருக்கு முதியோர் இல்லத்துக்குப் போய்ப் பாட்டுப் பாடுவோம் சேர் என்றார்கள். வகுப்பில் கிறிஸ்தவ வேதப் பிள்ளைகளும் இருக்கிறார்கள், சைவப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். கரோல் என்றால் எல்லாருக்கும் விருப்பம். இருபத்திமூன்றாம் திகதி பின்னேரம் வாடகைக்கு எடுத்த ஸ்பீக்கர், நத்தார் தாத்தா உடுப்பு, நாற்பது சோற்றுப் பார்சல், துண்டு துண்டாய்ச் சுற்றிய கேக் என்று இரண்டு ஆட்டோவில் போய் இறங்கினோம். மழை தூறிக்கொண்டிருந்தது. மட்டக்களப்பில் மார்கழி என்றால் அது இல்லாமலா?

பார்சலை நீட்டியபோது வாசலில் நின்ற ஒரு ஐயா மெதுவாய்ச் சொன்னார், “தம்பி, இண்டைக்கு இது மூண்டாவது.” மத்தியானம் ஒரு குழு வந்திருக்கிறது. நாலு மணிக்கு இன்னொரு குழு. எல்லாமே பிரியாணி. உள்ளே பார்த்தால் பாதிப் பேருக்குப் பல் இல்லை, மீதிப் பேருக்குச் சீனி வருத்தம். அன்றிரவு அவர்கள் இல்லத்துச் சமையலறையில் காய்ச்சிய கஞ்சியைத்தான் குடித்தார்கள். பிள்ளைகள் சேர்த்த காசு அவ்வளவும் வீணாகிவிட்டதே என்று எனக்கு நெஞ்சு கனத்தது. முதல்நாள் ஒரு ரெலிபோன் எடுத்துக் கேட்டிருந்தால் பொறுப்பாய் இருக்கும் மிஸ் எல்லாம் சொல்லியிருப்பார். நான் கேட்கவில்லை.

பாட்டு தொடங்கியது. ஸ்பீக்கர் சத்தத்தில் சிலர் முகம் சுளித்துக் காதைப் பொத்தினார்கள். ஒரு பாட்டி பயந்துபோய் அழத் தொடங்கினார். மிஸ் வந்து ஸ்பீக்கரை நிறுத்தச் சொன்னார். பிள்ளைகள் என்ன செய்வதென்று தெரியாமல் வெறும் குரலில் பாடினார்கள். பாட்டு முடிந்ததும் ஒரு மூலையிலிருந்து குரவைச் சத்தம் எழுந்தது. கோயிலில் சாமி எழுந்தருளும்போதும், கல்யாண வீட்டில் தாலி ஏறும்போதும் எங்கள் ஊர்ப் பெண்கள் நாக்கைச் சுழற்றி எழுப்புவார்களே, அந்தக் குரவை. இயேசு பாலன் பிறந்ததற்கு, நெற்றி நிறையத் திருநீறு பூசிய ஒரு கிழவி குரவை போட்டார். அடுத்த பாட்டுக்கு இன்னும் மூன்று பேர் சேர்ந்துகொண்டார்கள். அழுத பாட்டியும் வாயைக் குவித்துப் பார்த்தார், காற்றுத்தான் வந்தது. பெண்பிள்ளைகள் ஓடிப்போய் எங்களுக்கும் காட்டித்தாங்க என்று கேட்டு, சிரித்துச் சிரித்துப் பழகினார்கள். அதற்குப் பிறகு அந்தப் பின்னேரம் எங்கள் கையில் இல்லை. கிழவிகள் படிப்பிக்க, பிள்ளைகள் படித்தார்கள்.

முதலில் குரவை போட்டவர்தான் குத்தி கேட்ட அம்மாச்சி.

அன்றைக்கு வயர் ரோலை அங்கேயே மறந்துவிட்டு வந்துவிட்டேன். வாடகைச் சாமான். மீட்டு வருவதற்காக இருபத்தாறாம் திகதி காலையில் தனியாகப் போனேன்.

நத்தாருக்கு மறுநாள் எங்கள் கரையோரத்தில் எந்த நாள் என்று வெளியூர்க்காரருக்குச் சொன்னால்தான் விளங்கும். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, போயா தினம். நத்தார்ப் பலகாரம் தட்டில் இருக்கும்போதே கடல் வந்தது. கல்லடி, திருச்செந்தூர், டச்பார், நாவலடி என்று கடலுக்கும் வாவிக்கும் நடுவே ஒடுங்கிக் கிடந்த ஊர்களில் ஓடுவதற்கும் இடம் இருக்கவில்லை. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. அதனால் ஒவ்வொரு வருடமும் இருபத்தாறாம் திகதி காலை 9.25க்கு நாடு இரண்டு நிமிடம் மௌனமாய் நிற்கும்போது, இங்கே பலர் கடற்கரையில் விளக்கோடு நிற்பார்கள்.

இல்லத்துக் கேற் திறந்தே கிடந்தது. முதல்நாள் வரைக்கும் வாகனம் நிறுத்த இடமில்லாத வளவில் ஒரு மோட்டார்சைக்கிள்கூட இல்லை. விறாந்தை ஓரத்தில் ஒரு சுட்டி விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு கோப்பைத் தேத்தண்ணீர், ஒரு வெற்றிலை, அதன்மேல் சுற்றுப் பிரிக்காத ஒரு துண்டு கேக். எங்கள் கேக். எங்கள் பிள்ளைகள் பச்சை நூலால் கட்டிய முடிச்சு அப்படியே இருந்தது.

அம்மாச்சி சீனி வருத்தத்துக்காகச் சாப்பிடாமல் விட்டாராக்கும் என்று நினைத்தேன். “பேத்திக்கு கேக் எண்டா உசிர்,” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. 9.25க்கு நான் விறாந்தைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளே கட்டிலில் கிடந்த இன்னொரு அம்மா எழும்ப முடியாமல் கையை மட்டும் கூப்பினார். அன்றைக்கு நான் போனது வயர் ரோலுக்காக. அங்கே வேறு யாருமே வந்திருக்கவில்லை.

அம்மாச்சியின் கதை பிறகு துண்டு துண்டாய்த்தான் வந்தது. அவருக்கு ஒரே மகள். எங்கள் பக்கத்தில் வீடு மகளுக்குத்தான். சீதனமாய் வீட்டையும் வளவையும் பெண்பிள்ளைக்கு எழுதிக் கொடுப்போம், மாப்பிள்ளை அங்கே வந்து இருப்பார். தாயும் தகப்பனும் பின்வளவில் ஒரு பத்தி இறக்கிக்கொண்டோ, அடுத்த மகளுக்கு இன்னொரு வீடு கட்டிக்கொண்டோ அருகிலேயே வாழ்வார்கள். குடி, அதாவது குலம், பார்ப்பதுகூட எங்களுக்குத் தாய்வழி. வயதான காலத்தில் தாய் யாரோடு இருப்பாள் என்ற கேள்வியே இந்த ஊர் முறையில் எழாது. மகளோடுதான். அம்மாச்சி நாவலடியில் இருந்த வீட்டை மகளுக்குக் கொடுத்தார். வீட்டையும் மகளையும் பேத்தியையும் ஒரே காலையில் கடல் கொண்டுபோனது. அவர் அன்று ஆரையம்பதியில் தங்கச்சி வீட்டில் நின்றிருக்கிறார். தங்கச்சி இருக்கும் வரைக்கும் அங்கேதான். தங்கச்சி போன பிறகு இங்கே.

இதைச் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. முதியோர் இல்லம் என்றதும் பெற்றதுகள் கொண்டுவந்து தள்ளிவிட்டுதுகள் என்று சொல்வது எங்களுக்கு இலகுவாய் வருகிறது. அங்கே போகும் இளம்பிள்ளைகள் அந்தக் கோபத்தோடேயே போகிறார்கள். “உங்கட பிள்ளைகள் வாறதில்லையா?” என்று கேட்டும் விடுகிறார்கள். நான் அறிந்த இல்லத்தில் அப்படித் தள்ளிவிடப்பட்டவர்களும் இருக்கிறார்கள்தான். ஆனால் சுனாமியில் மகளை இழந்தவர் இருக்கிறார். போர்க்காலத்தில் கூட்டிக்கொண்டு போகப்பட்ட மகன் இன்றைக்கும் வருவான் என்று இருப்பவர் இருக்கிறார். பெண்பிள்ளை பிறக்காத வீட்டு அம்மா ஒருவர் இருக்கிறார், மூன்று மகன்மாரும் அவரவர் மனைவிமாரின் சீதன வீட்டில் இருக்கிறார்கள். அந்த வீடுகளில் ஏற்கெனவே மனைவியின் தாயும் தகப்பனும் இருக்கிறார்கள். மகள் கட்டாரில் வீட்டுவேலை செய்து காசு அனுப்ப, இங்கே நாட்களை எண்ணுபவரும் இருக்கிறார். ஒவ்வொருவருடைய வரலாறும் வேறு.

2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் நல்ல சட்டம்தான். பெற்றோரைப் பிள்ளைகள் கைவிடக் கூடாது என்று சொல்கிறது. பிள்ளை பார்க்காவிட்டால் தாயோ தகப்பனோ பராமரிப்புச் சபையிடம் முறையிடலாம். மூன்று மகன்மாரின் தாயிடம் இதைப் பற்றி ஒருநாள் சொன்னேன். நீண்டநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “என்ட புள்ளையிட பேர நானே போய்க் குடுக்கிறதா?” என்றார். அதற்கு மேல் நான் என்ன சொல்ல?

அந்த இல்லத்துச் சமையலறையில் ஒரு பெரிய நாட்காட்டி தொங்குகிறது. யார் எந்த நாள் சாப்பாடு தருகிறார்கள் என்று அதில் எழுதி வைப்பார்கள். லண்டனில் பிறந்தநாள், கனடாவில் திருமண நாள், சுவிசில் அப்பாவின் திவசம். இதைக் குறைசொல்லவே மாட்டேன். அந்த அடுப்பு எரிவது பெரும்பாலும் இந்தக் காசில்தான். ஆனால் நாட்காட்டியை நின்று பார்த்தால் மார்கழித் தாளில் இடம் இல்லாமல் எழுத்து எழுத்துக்கு மேல் ஏறிக் கிடக்கும். ஒக்டோபர் முதலாம் திகதி, சிறுவர் தினமும் முதியோர் தினமும் ஒன்றாய் வருகிற நாளில், நாலு பள்ளிக்கூடத்தின் பெயர் இருக்கும். தைப்பொங்கல் கழிந்ததும் சித்திரை வரைக்கும் வெள்ளை. ஆடி, ஆவணியில் கச்சான் காற்று அனலாய் அடிக்கும்போது மறுபடி வெள்ளை.

2012 குடிசனக் கணக்கெடுப்பில் அறுபது வயது தாண்டியவர்கள் இந்த நாட்டில் நூற்றுக்கு 12.4 பேர். எட்டில் ஒருவர் என்று என் வகுப்பில் கணக்காய்ச் செய்து காட்டியிருக்கிறேன். அது இப்போது இன்னும் கூடிவிட்ட கணக்கு. பிள்ளைகள் வெளிநாடு போவதும் கூடுகிறது. அந்த வெள்ளை நாட்கள் இனி எங்கள் எல்லாருடைய வீட்டுக் கணக்கிலும் வரும்.

சரி, கூத்துக்கார அப்புவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

வாவிக்கு மேற்கே இருக்கும் படுவான்கரைக்காரர். இளமையில் வடமோடிக் கூத்தில் ராசா வேடம் போட்டவர், பிறகு மத்தளம் அடித்தவர். கரப்புடுப்பின் பாரத்தைத் தூக்கிக்கொண்டு விடிய விடிய வட்டக்களரியைச் சுற்றி ஆடிய கால்கள் இன்றைக்கு வீங்கிக் கிடக்கின்றன. நாங்கள் பாடினாலும் பார்க்க மாட்டார், சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். வருகிறவர்கள் எல்லாரும் அவர் கட்டிலைச் சுற்றி நின்று ஒரு சினிமாப் பாட்டுப் பாடிவிட்டுப் போவார்கள். அவருக்கு எரிச்சல் என்று மிஸ் சொல்வார்.

ஒருநாள் என் மாணவன் ஒருவன், அவனுடைய ஊரும் படுவான்கரைதான், அப்புவின் கட்டிலில் விரலால் தாளம் தட்டிக்கொண்டிருந்தான். சும்மா, வேறு யோசனையில். அப்பு திரும்பினார். “பிழ,” என்றார். மாதக்கணக்கில் நாங்கள் அவரிடம் கேட்ட முதல் சொல் அது. தாளத்தைத் திருத்திக் கட்டில் சட்டத்தில் தானே தட்டிக் காட்டினார். பிறகு வரவுத் தரு, வேடக்காரர் களரிக்கு வரும்போது பாடும் பாட்டு, ஒன்றை எடுத்தார். இரண்டு அடி பாடிவிட்டு நிறுத்தி எங்களைப் பார்த்தார். நாங்கள் கைதட்டினோம்.

“கை தட்டாதீங்க. பிற்பாட்டு எங்க?” என்றார்.

கூத்தில் ஆடுபவர் ஓர் அடி பாட, களரியில் நிற்கும் பிற்பாட்டுக்காரர் அதை வாங்கித் திருப்பிப் பாட வேண்டும். வாங்க ஆள் இல்லாவிட்டால் ஆட்டக்காரனுக்கு மூச்சு போய்விடும், அடுத்த அடி வராது. எட்டுப் பிள்ளைகளையும் கட்டிலைச் சுற்றி உட்கார வைத்து அந்த அடியைப் பாடமாக்கினார். பிழைத்தால் ஏசினார். ஏச்சு விழ விழ அவர் குரல் ஏறியது. கடைசியில் ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு முதுகுக்குத் தலையணை வைக்கச் சொல்லி எழும்பி இருந்தார். மிஸ் மருந்துத் தட்டோடு கதவடியில் அப்படியே நின்றுவிட்டார்.

இரண்டு மணித்தியாலம் நாங்கள் அப்புவுக்காக எதுவும் செய்யவில்லை. அவர் கொடுத்ததை வாங்கித் திருப்பிப் பாடினோம், அவ்வளவுதான். அம்மாச்சி ஏன் இருபது குத்தி கேட்டார் என்பது எனக்கு அன்றிரவுதான் சரியாக விளங்கியது.

வயது போனவர்களுக்கு நாளெல்லாம் யாரோ எதையோ கொடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். மருந்து கொடுக்கிறார்கள், சோறு கொடுக்கிறார்கள், குளிக்க வார்க்கிறார்கள். பெருநாள் வந்தால் ஊரே திரண்டு வந்து கொடுக்கிறது. நாற்பது வருடம் அடுப்பெரித்து ஊருக்குப் போட்ட கைகள் மடியில் சும்மா கிடக்கின்றன. அந்தக் கையால் ஒன்றை வாங்கிக்கொள்ள யாராவது வர வேண்டும் என்பதுதான் அவர்களுடைய பெருநாள் ஆசை என்று நான் நம்புகிறேன். பலகாரம் சுடுகிற பக்குவத்தைக் கேளுங்கள். பூச்சிகடிக்கு எந்த இலை என்று கேளுங்கள். 1978 நவம்பர் 23 இரவு சூறாவளி அடித்தபோது எங்கே நின்றீர்கள் என்று கேளுங்கள். எழுபதைத் தாண்டிய மட்டக்களப்பார் யாரும் அந்தக் கேள்விக்கு ஒற்றை வரியில் மறுமொழி சொன்னதை நான் பார்த்ததில்லை.

போக நினைப்பவர்கள் என்னிடம் கேட்பதுண்டு. நான் பிழைவிட்டுப் படித்ததைச் சொல்கிறேன். முதல்நாள் ரெலிபோன் எடுத்து என்ன தேவை என்று கேளுங்கள். பெரும்பாலும் பெரியவர்களுக்கான பம்பர்ஸ், விரிப்பு, நுளம்பு வலை, சவர்க்காரம் என்றுதான் சொல்வார்கள், சோறு என்று சொல்ல மாட்டார்கள். சாப்பாடு கொண்டுபோவதானால் மெத்தென்ற பிட்டும் சொதியும், இல்லாவிட்டால் இடியப்பம். மத்தியானத் தூக்கம் கலைந்து தேத்தண்ணீர் குடித்த பிறகு, மூன்றரை நான்கு மணிக்குப் போவது நல்லது. தடிமன் காய்ச்சல் இருந்தால் அன்றைக்குப் போகவே வேண்டாம், உங்களுக்கு இரண்டு நாள் இருமல், அவர்களுக்கு ஆஸ்பத்திரிக் கட்டில். நின்றுகொண்டு கதைக்காதீர்கள், கதிரை இல்லாவிட்டால் நிலத்தில் இருங்கள். “என்னைத் தெரியுதா?” என்று மட்டும் கேட்காதீர்கள். மறதி வந்தவர்கள் அந்தக் கேள்விக்கு முன்னால் கூனிக்குறுகிப் போவதைப் பார்த்திருக்கிறேன். நீங்களே பெயரைச் சொல்லி, போன முறை வந்தேன் என்று தொடங்குங்கள். படம் எடுக்க முன் கேளுங்கள். அந்தப் படம் எங்கேயோ இருக்கும் உறவுக்காரர் கண்ணில் பட்டு, “எங்கட மானத்த வாங்கிட்டாய்” என்று ஓர் அம்மாவுக்கு ரெலிபோன் வந்தது. அவர் மூன்று நாள் சாப்பிடவில்லை.

அத்தோடு, பத்திரிகை கொண்டுபோங்கள். அரசியல் பக்கத்தைத் தள்ளிவிட்டு மரண அறிவித்தலை வாசியுங்கள். பிறப்பிடம், வதிவிடம், இன்னாரின் அன்பு மனைவி, இன்னாரின் பாசமிகு தாய் என்று நிறுத்தி வாசிக்க வேண்டும். “அவள் என்னோட படிச்சவள்” என்று ஒருவர் தொடங்கினால் அந்தப் பின்னேரம் நிறைந்துவிடும்.

சித்திரைக்கு வருவோம். அந்த வருடம் இருபது குத்தியையும் ஒரு கடையில் மாற்றிக்கொண்டு போய்க் கொடுத்தேன். புத்தாண்டு காலை என் வீட்டில் மருத்துநீர் வைத்துத் தோய்ந்து, அம்மாவிடம் கைவிசேடம் வாங்கிக்கொண்டு, பஞ்சாங்கத்தில் சொன்ன நேரம் தப்பாமல் இல்லத்துக்குப் போனேன். பிள்ளைகளுக்கு முதல்நாளே சொல்லியிருந்தேன்: யாரும் எதுவும் கொண்டுவரக் கூடாது. பெற்றோரிடம் கேட்டு வரமுடிந்தவர்கள் ஒன்பது பேர் வந்தார்கள். வெறுங்கையோடு வந்த கூச்சத்தில் கேற்றடியில் ஒதுங்கி நின்றார்கள்.

அம்மாச்சி கிழக்குப் பார்த்துக் கதிரையைப் போடச் சொன்னார். தலை தோய்ந்து, மடிப்புக் கலையாத சீலை உடுத்தியிருந்தார். மடியில் ஒரு வட்டா. வெற்றிலையில் குத்தியும் நாலு நெல்மணியும் வைத்து மடித்து அடுக்கியிருந்தார். நெல்லுக்கு எங்கே போனார் என்று கேட்டேன். குசினியில் வேலைசெய்யும் பிள்ளை வயலிலிருந்து கொண்டுவந்து கொடுத்ததாம். ஒவ்வொருவராய்க் குனிந்து வாங்கினோம். ஒவ்வொரு தலையிலும் கைவைத்து ஒவ்வொன்று சொன்னார். எனக்குச் சொன்னதை இங்கே எழுத மாட்டேன்.

பிள்ளைகள் முடிந்த பிறகு மிஸ் வந்து குனிந்தார். சமையல்காரப் பிள்ளை வந்தாள். காவலுக்கு நிற்பவர் சால்வையை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு வந்தார். கூத்துக்கார அப்பு அம்மாச்சியைவிட மூத்தவர், அவர் வாங்கக் கூடாது. அதனால் அவருடைய கட்டிலுக்கு நாங்கள் போனோம். அவரிடம் காசு இருக்கவில்லை. தலையணைக்குக் கீழே கையைவிட்டு ஒரு சலங்கை மணியை எடுத்து, தாளம் தட்டிய அந்தப் பொடியனின் உள்ளங்கையில் வைத்து விரலை மூடிவிட்டார்.

குரவை போடாமல் வந்துவிட்டோம் என்று ஒரு பிள்ளை ஆட்டோவில் ஏறியபின் ஞாபகப்படுத்தினாள். திரும்பிப் போய் வாசலில் நின்று போட்டுவிட்டு வந்தோம். உள்ளேயிருந்து பதில் குரவை வந்தது.

இந்த வருடம் அம்மாச்சி முற்கூட்டியே சொல்லிவிட்டார். நாற்பது வேணுமாம். பெண்பிள்ளை இல்லாத அம்மாவும் இம்முறை கைவிசேடம் கொடுக்கப் போகிறாராம், மகன்மாரில் ஒருவன் வருவதாகச் சொல்லியிருக்கிறான். கல்லடியில் எனக்குத் தெரிந்த கடைக்காரரிடம் பத்து ரூபாய்க் குத்திகளை ஒதுக்கி வைக்கச் சொல்லியிருக்கிறேன். நேற்றுவரை இருபத்தேழு சேர்ந்திருக்கிறது.